நட்புக்கு எத்தனை மதிப்பெண்?

2023 ஆகஸ்டில் ‘பால்டர்ஸ் கேட் 3’ வெளியானதும் அதை ஆடத் தொடங்கிய பலர் ஒரே புகாரைச் சொன்னார்கள்: உடன் வரும் பாத்திரங்கள், கொஞ்சம் மரியாதையாகப் பேசினாலே காதல் சொல்ல வந்துவிடுகின்றன. அதில் கேல் என்ற மந்திரவாதிக்கு முதலிடம். அவன் நெஞ்சுக்குள் இருக்கும் ஆபத்தான மந்திரத்துக்குத் தீனியாகச் சில மாயப் பொருள்கள் வேண்டும். ஐயோ பாவம் என்று அவற்றைக் கொடுத்தவர்களும், அவன் சொன்ன கதைக்கு இரண்டு முறை தலையாட்டியவர்களும் ஓர் இரவு முகாமில் அவனுடைய ஏக்கப் பார்வைக்கு ஆளானார்கள். காதல் காட்சிகள் திறப்பதற்கான மதிப்பெண் வரம்பு உத்தேசித்ததைவிடத் தாழ்வாக அமைந்துவிட்டது, அது நிரல்பிழை என்று விளையாட்டை உருவாக்கிய லாரியன் நிறுவனத்தின் தலைவர் ஸ்வென் விங்கே பின்னர் விளக்கினார். திருத்தமும் செய்தார்கள்.

பிழை போய்விட்டது. அது தற்செயலாகக் காட்டிக்கொடுத்த அமைப்பு மட்டும் இன்னும் இருக்கிறது. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில், ஆடுபவர் வழக்கில் சொன்னால் ஆர்பிஜிகளில், கதாநாயகனோடு ஊர் ஊராக வரும் கூட்டாளிகள் ஒவ்வொருவரும் நம்மைப் பற்றி ஓர் எண்ணை மனத்தில் வைத்திருக்கிறார்கள். பிச்சைக்காரனுக்குக் காசு போட்டால் ஒருத்திக்கு எண் கூடும், இன்னொருத்திக்குக் குறையும். அந்த எண் ஓர் அளவைத் தாண்டினால் புதிய உரையாடல் திறக்கும். நட்பு, காதல் இரண்டுக்கும் பல விளையாட்டுகளில் இதே எண்தான் அடிப்படை. அதனால் பரிவு எங்கே முடிகிறது, ஆசை எங்கே தொடங்குகிறது என்று இயந்திரத்துக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஒவ்வொரு நிறுவனமும் அதை ஒவ்வொரு விதமாகச் சொல்லித்தந்தது. அந்த வழிகளில் பெரும்பாலானவை காதலுக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்தன, நட்பை எஞ்சிய இடத்தில் விட்டன என்பது என் வாதம்.

கூட்டாளியோடு காதல் என்பதை இந்த வகை விளையாட்டுகளில் ஒரு தனிப் பாதையாக நிலைநிறுத்தியதில் பயோவேர் நிறுவனத்தின் ‘பால்டர்ஸ் கேட் 2’க்குப் பெரும் பங்கு உண்டு. 2000இல் வந்தது. ஆண் நாயகனுக்கு ஏரி, ஜஹைரா, விக்கோனியா என மூன்று பெண்கள். பெண் நாயகிக்கு அனோமென் என்ற ஒரே ஒருவன், அவனும் சுயபுராணப் பிரியன். உரையாடல்கள் கடிகாரக் கணக்கில் வந்தன. நிலவறையில் நடந்துகொண்டிருக்கும்போதே ஜஹைரா நின்று பேசத் தொடங்குவாள். சொல்லும் பதில் தவறினால் பாதை அங்கேயே அறுந்துபோகும். ஜஹைராவின் கணவன் காலித் கொல்லப்பட்டதைக் கதையின் தொடக்கத்திலேயே பார்த்துவிடுகிறோம். ஆக அவளுடைய காதல் பாதை பெருமளவுக்கு ஒரு கைம்பெண்ணின் துக்கத்தோடு கூட நடப்பதுதான். இத்தனை நுட்பமான துக்க உரையாடலைக் கேட்க வேண்டுமானால் அவளைக் காதலிக்க வேண்டும். வெறும் நண்பனாக இருக்கும் ஆளுக்கு அதில் பெரும்பகுதி கிடைக்காது. துக்கம் கேட்க நண்பன் போதாதா?

இதே ஜஹைரா மூன்றாம் பாகத்தில் வயதான போராளியாக, வளர்ப்புப் பிள்ளைகளின் தாயாகத் திரும்பி வருகிறாள். அங்கே அவளைக் காதலிக்க வழியே இல்லை. அவள் கேலியும் களைப்பும் கலந்து பேசுவதெல்லாம் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொது. முந்தைய ஜஹைராவைவிட இவளோடு நெருக்கம் கூடுதலாகத் தோன்றுவதற்கு எழுத்தின் தேர்ச்சி ஒரு காரணம். கதவு ஒன்று மூடப்பட்டதால் எழுதியவர்களின் கவனம் முழுவதும் மறு கதவுக்குப் போனதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2009இல் வந்த ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ எண்ணை வெளிப்படையாகவே திரையில் வைத்தது. கழித்தல் 100 முதல் கூட்டல் 100 வரை ஒரு பட்டை. காதலில் இல்லாதவர்களுக்கு அந்தப் பட்டையில் பகை, நடுநிலை, இணக்கம், நட்பு என்று பெயர்கள் வரும். காதல் தொடங்கிவிட்டால் அதே பட்டைக்கு ஆர்வம், அக்கறை, பிரியம், காதல் என்று வேறு பெயர்கள். எண் ஒன்று, பெயர்ப்பலகை இரண்டு. போதாக்குறைக்கு அந்த எண்ணைப் பரிசு கொடுத்தும் ஏற்றலாம். ஒருவனுடைய மனத்தை ஒரு விவாதத்தில் புண்படுத்திவிட்டு, முகாமுக்குத் திரும்பியதும் அவனுக்குப் பிடித்த பொருளை நீட்டினால் கணக்கு நேராகிவிடும். கல்யாண வீட்டு மொய் நோட்டுகூட இவ்வளவு துல்லியமாக இருக்காது.

இத்தனைக்கும் அந்த விளையாட்டின் மிகச் சிறந்த நட்பு அந்தப் பட்டையை மீறி எழுந்தது. மோரிகன் காட்டில் ஒரு மந்திரக்காரியிடம் வளர்ந்தவள். மனிதப் பழக்கங்களைக் கிண்டலோடு பார்ப்பவள். ஆண் நாயகனுக்கு அவள் காதலி ஆகலாம். பெண் நாயகிக்கு அந்த வழி இல்லை. ஆனால் பெண் நாயகியோடு பழகிப் பழகி, தனக்கு இதுவரை ஒரு தோழி இருந்ததில்லை என்பதையும் இப்போது இருக்கிறாள் என்பதையும் மோரிகன் தட்டுத்தடுமாறி ஒப்புக்கொள்ளும் உரையாடல் ஒன்று உண்டு. அவளுடைய காதல் காட்சிகளில் அவள் தன் வழக்கமான ஆயுதங்களான ஏளனத்தையும் கவர்ச்சியையும் கையில் வைத்திருப்பாள். இங்கே அவளுக்கு ஆயுதம் இல்லை. நட்பைச் சமாளிக்க அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

இரண்டாம் பாகத்தில் (2011) பயோவேர் செய்தது, இந்தத் துறையில் நான் அறிந்தவற்றுள் ஆகத் துணிச்சலான சோதனை. பட்டையின் ஒரு முனையில் நட்பு, மறு முனையில் பகைமைக்குப் பதிலாக முரண். எதிரணியில் நின்று ஓயாமல் வாதாடுபவரோடும் ஆழமான உறவு அமையலாம் என்பது அதன் அடிப்படை. காதல் இந்த இரண்டுக்கும் குறுக்கே ஓடியது: மெரில் என்ற பெண்ணைக் காதலிப்பவர், அவள் சீர்செய்யத் துடிக்கும் சபிக்கப்பட்ட கண்ணாடிக்குத் துணை நின்றபடியும் காதலிக்கலாம், ஒவ்வொரு முறையும் அதைத் தடுத்தபடியும் காதலிக்கலாம். உரையாடல் சக்கரத்தில் சரசப் பதிலுக்கு இதயக் குறி போட்டார்கள். பரிவான பதில் வேறு, காதல் பதில் வேறு என்று முதன்முதலாகத் தெளிவாகப் பிரிந்தது. ஆனாலும் ஓட்டை இருந்தது. ஆண்டர்ஸ் என்ற வைத்தியனிடம் இதமாகப் பேசிய ஆண் நாயகர்களிடம் அவனே வந்து ஆசையைச் சொல்வான். மறுத்தால் முரண் பக்கம் மதிப்பெண் ஏறும். மறுப்பை ஒரு கருத்து வேறுபாடாகக் கணக்கிட்டது இயந்திரம்.

அந்தச் சோதனை பலித்த இடம் இசபெல்லா. கடற்கொள்ளைக்காரி, கதையின் நடுவில் ஒரு புனித நூலைத் திருடிக்கொண்டு, நகரம் எரியவிருக்கும் வேளையில் எல்லாரையும் கைவிட்டு ஓடிவிடுகிறாள். அவளோடு உறவு ஆழமாக இருந்திருந்தால் திரும்பி வருவாள். ‘ஆழம்’ என்பது இங்கே நட்பாகவும் இருக்கலாம், முரணாகவும் இருக்கலாம். பட்டை எந்தப் பக்கமாவது பாதியைத் தாண்டியிருக்க வேண்டும். எப்போதும் அவளை மெச்சிக்கொண்டிருந்தவனுக்காகவும் வருவாள். பொறுப்பில்லாதவளே என்று எப்போதும் திட்டியவனுக்காகவும் வருவாள். பாதி மனத்தோடு, சண்டையும் வேண்டாம் சார்பும் வேண்டாம் என்று நடந்தவனுக்காக வரமாட்டாள். நட்பின் எதிர்ப்பதம் பகை இல்லை, அலட்சியம் என்பதை ஒரு விதிமுறையாகவே எழுதிவிட்டார்கள். அடுத்த பாகத்தில் இதைக் கைவிட்டுப் பழைய ஒற்றை மதிப்பெண்ணுக்கே திரும்பியது எனக்கு இன்றும் வருத்தம்.

அதே விளையாட்டில் ஏவ்லின் என்ற காவல் தலைவி. அவளிடம் சரசப் பதில்களைச் சொல்லிப் பார்க்கலாம், எதுவும் நடக்காது. அவள் தனக்குக் கீழே பணிபுரியும் டானிக்கை விரும்புகிறாள், ஆனால் அதைச் சொல்லத் தெரியாது. செம்பில் செவ்வந்திப்பூ வேலைப்பாடு செய்த தகடு ஒன்றை நம் கையில் கொடுத்து அவனிடம் சேர்க்கச் சொல்கிறாள். அது எடுபடாமல் போக, இருவரும் ஒன்றாக ரோந்து போக ஏற்பாடாகிறது. நாம் முன்னால் ஓடி வழியில் இருக்கும் கொள்ளையர்களை ஒழித்துக்கட்ட வேண்டும், பின்னால் வரும் அவள் நிம்மதியாக நாலு வார்த்தை பேசுவதற்காக. பேசுகிறாளா? மனத்தில் இருப்பதைத் தவிர மற்றதைப் பேசுகிறாள். முழு விளையாட்டிலும் நட்பு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை நாயகனுக்குக் கொடுக்கப்படவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து அப்சிடியன் நிறுவனத்தின் ‘தி அவுட்டர் வேர்ல்ட்ஸ்’ இதையே மையமாக்கியது. அதில் நாயகனுக்குக் காதலே கிடையாது. பர்வாத்தி என்ற மெக்கானிக் பெண், விண்வெளி நிலையத்தின் தலைமைப் பொறியாளர் ஜுன்லேயிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். தனக்கு உடல் ஈர்ப்பு இல்லாததால் முன்பு பட்ட காயங்களை நம்மிடம் சொல்கிறாள். பிறகு அவளுடைய விருந்துக்கு உடை, சாப்பாடு, சோப்பு என்று கிரகம் கிரகமாக அலைகிறோம். விளையாட்டு நமக்கு எதையும் பிரதிபலனாக வைத்திருக்கவில்லை என்பது தெரிந்தும் அலைகிறோம். கூட்டாளிக்குத் தனி வாழ்க்கை உண்டு, அதில் நாம் மையம் இல்லை என்பதை ஏற்கும்போது நட்பு எழுத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. ‘டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்’ (2014) இதைச் சிறிய அளவில் முயன்றது: நாம் இருவரையும் காதலிக்காமல், இருவரையும் சேர்த்து அழைத்துச் சென்றால் டோரியனும் அயர்ன் புல்லும் தங்களுக்குள் காதலிக்கத் தொடங்குவார்கள்.

டோரியனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவன் ஆண்களை மட்டுமே விரும்புபவன். அவனை ‘மாற்ற’ அவனுடைய தந்தை இரத்த மந்திரத்தை நாடத் துணிந்த கதை ஒரு மதுக்கடையில் தந்தையும் மகனும் நேருக்கு நேர் நிற்கும்போது வெளிவருகிறது. இந்தக் காட்சி அவனுடைய காதலனுக்கு மட்டும் உரியதாக வைக்கப்படவில்லை. நெருங்கிய எவருக்கும் உண்டு. எனவே ஆணோ பெண்ணோ, அவன் மேல் ஆசை உள்ளவரோ இல்லாதவரோ, ஒரு சாட்சியாக அந்தக் கடையில் நிற்கிறார். ஜஹைராவின் துக்கத்தைக் காதலனுக்கு மட்டும் எழுதிய அதே நிறுவனம் பதினான்கு ஆண்டுகளில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

நட்புப் பாதை ஏன் பெரும்பாலும் மெலிந்து போகிறது என்பதற்குப் பொருளாதாரக் காரணம் ஒன்று உண்டு. காதல் காட்சியை எழுதுபவருக்கு எதிரில் இருக்கும் ஆள் யாரென்று தெரியும்: இதயக் குறியைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தவர். அந்தரங்கமாக எழுதலாம். நட்புக் காட்சியோ கொலைகாரனுக்கும் புண்ணியவானுக்கும், கஞ்சனுக்கும் வள்ளலுக்கும் ஒரே குரல் பதிவில் பொருந்த வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நடிகர் சம்பளம், உடலசைவுப் பதிவு என்று செலவு இருப்பதால் வேறுவேறு நண்பர்களுக்கு வேறுவேறு காட்சி எழுத முடியாது. விளைவாக, காதல் காட்சியிலிருந்து முத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதே நட்புக் காட்சி என்றாகிறது. பல விளையாட்டுகளில் காதலில் ஒருவரைத்தான் தேர முடியும் என்ற கட்டுப்பாடும் அதற்குக் கூடுதல் கனத்தைத் தருகிறது. நட்பை எல்லாரோடும் ஒரே நேரத்தில் நூறு விழுக்காடு வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கு விலை எங்கிருந்து வரும்?

‘மாஸ் எஃபெக்ட்’ வரிசை இந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டியது. இரண்டாம் பாகத்தில் (2010) கூட்டாளி ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்த வேலை. தந்தையைத் தேட வேண்டும், மகளைத் தடுக்க வேண்டும், பழைய துரோகியைப் பிடிக்க வேண்டும். கூடப் போனால் விசுவாசம் கிடைக்கும். இறுதிப் போரில் அவர்கள் பிழைப்பதில் அதற்குப் பெரும் பங்கு. காதலுக்கு அங்கே உயிர் காக்கும் சக்தி எதுவுமில்லை. ஆனால் மிராண்டாவும் ஜாக்கும் மோதிக்கொள்ளும்போது சமாதானம் செய்யும் பேச்சுத்திறன் நமக்கு இல்லையென்றால் ஒருத்தி பக்கம் நின்று மற்றவளின் விசுவாசத்தை இழக்க வேண்டும். நட்புக்கு ஒரு விலையை ஏற்றிய அரிய தருணம் அது.

மூன்றாம் பாகத்தில் (2012) காரஸ் என்ற கூட்டாளியோடு ஒரு காட்சி. போர் முற்றிய நேரத்தில், பிரிசிடியம் என்ற விண்நிலையப் பகுதியின் உச்சியில் ஏறி, தடைசெய்யப்பட்ட இடத்தில் நின்று, புட்டிகளைத் தூக்கியெறிந்து சுடுகிறார்கள். நாம் வேண்டுமென்றே குறிதவறி அவனை ஜெயிக்க விடலாம். அவனைக் காதலிக்கும் பெண் நாயகி ஷெப்பர்டுக்கு இதே இடம் காதல் சந்திப்பாக விரிகிறது. நண்பருக்கு அது விளையாட்டாகவே முடிகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நண்பருக்கான வடிவத்தில் எதுவும் வெட்டப்பட்டதாகத் தெரியாது. காரணம், காட்சி ஒரு செயலின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. யார் நன்றாகச் சுடுவது என்ற பழைய சண்டையைத் தீர்த்துக்கொள்கிறார்கள். உணர்ச்சியைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் நட்பு கூச்சப்படும். சேர்ந்து ஒரு வேலை செய்யச் சொன்னால் கூச்சப்படாது.

வள்ளுவர் நட்பைப் பொருட்பாலில், படைச்செருக்குக்கு அடுத்த அதிகாரமாக வைத்தார். காதலுக்குத் தனிப் பால் கொடுத்தார். கூட்டாளி என்பவன் முதலில் போர்த்துணை என்ற விளையாட்டுகளின் அடிப்படைக்கு இந்த வரிசை பொருந்திப்போவதை ஒரு வியப்பாகக் குறித்துவைக்கிறேன், அதற்குமேல் நீட்டவில்லை.

நட்பு பேச்சைவிடச் செயலில் வளரும் என்ற உண்மையை ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ (2010) சொல் குறைத்துக் கையாண்டது. பூன் என்ற முன்னாள் துப்பாக்கி வீரன். அவனுடைய மனைவியை அடிமை வியாபாரிகளுக்கு விற்றவர் யாரென்று கண்டுபிடித்து, அந்த ஆளை ஊரில் இருக்கும் டைனோசர் சிலைக்கு முன்னால் அழைத்துவந்து, பூன் கொடுத்த தொப்பியை நம் தலையில் வைக்க வேண்டும். அதுதான் அடையாளம். மேலே இருந்து குண்டு வரும். அதன்பின் நம்மோடு கிளம்பிவிடுகிறான், ஆனால் பேசுவதில்லை. அவன் பார்க்க, அவன் வெறுக்கும் லீஜியன் படைக்கு எதிராக நாம் செய்யும் செயல்களால்தான் நம்பிக்கை வளர்கிறது. பரிசு கிடையாது, இனிப்பான பதில் கிடையாது. ஒருநாள் அவனே வாய் திறக்கும்போது அந்த மௌனத்தின் காரணம் தெரிகிறது.

இந்த மரபின் உச்சம் ‘டிஸ்கோ எலிசியம்’ (2019) என்பது என் எண்ணம். குடித்துக் குடித்துப் பெயரையே மறந்துவிட்ட துப்பறிவாளனோடு பணிபுரிய வருகிறார் கிம் கிட்சுராகி. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவர், எல்லாவற்றையும் சின்னக் குறிப்பேட்டில் எழுதுபவர். அவர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை விளையாட்டு உள்ளே கணக்கு வைக்கிறது, ஆனால் எந்தப் பட்டையையும் காட்டுவதில்லை. புருவம் லேசாக உயர்வதும், ஒரு சிறு பாராட்டு வந்து உடனே வேலைக்குத் திரும்புவதும்தான் நமக்குக் கிடைக்கும் சைகைகள். வேலை முடிந்த நேரத்தில் அவரோடு உட்கார்ந்து ஒரு பலகை விளையாட்டு ஆடலாம். அந்த ஆட்டம் கதைக்கு எந்த வகையிலும் தேவையில்லை. கடைசியில் பழைய சகாக்கள் நம்மை மறுபடி வேலையில் சேர்ப்பதா என்று விசாரிக்கும்போது, கிம் நமக்காகப் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் நாம் இத்தனை நாள் எப்படி நடந்தோம் என்பதிலிருந்து வருகிறது. எண் கண்ணில் படாததால் அதை ஏற்ற யாரும் நடிக்க முடியாது.

காதல் பாதையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் இல்லை. ஸ்வீடன் ஆய்வாளர் ஆனிக்கா வேர்ன் ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ ஆடியவர்களின் காதல் அனுபவங்களை ஆராய்ந்து, பாத்திரத்தின் உணர்ச்சி ஆடுபவருக்குள் கசிவதை விவரித்தார். இல்லாத ஒருவர்மேல் காதல் கொண்டதை ஆடியவர்கள் நேர்மையாகவே ஒப்புக்கொண்டிருந்தார்கள். தற்பாலின விருப்பம் உள்ள பலருக்குத் தம் காதலைப் பழிப்பு இல்லாமல் திரையில் நடத்திப் பார்க்க முதல் இடம் கொடுத்தவையும் இந்த விளையாட்டுகள்தான். சிக்கல் காதல் இருப்பதில் இல்லை. அது ஏணியின் கடைசிப் படியாக வைக்கப்படுவதில் இருக்கிறது.

ஜப்பானின் ‘பெர்சோனா’ வரிசையில் அந்த ஏணி அப்பட்டமாக இருந்தது. 2006இல் வந்த மூன்றாம் பாகத்தில் உடன் படிக்கும் பெண்களோடு பழகினால், உறவு பத்தாம் நிலையை எட்டும்போது பெரும்பாலும் காதலாகவே முடியும். நண்பனாகவே இருக்கிறேன் என்று சொல்ல வழியில்லை. பையன்களோடு பழகும் கதைகளுக்கோ நட்பு ஒன்றே முடிவு, அவை தன்னிறைவாகவே முடிந்தன. நான்காம் பாகத்தில் தேர்வு வந்தது. ஐந்தாம் பாகத்தில் (2016) பெரும்பாலும் ஒன்பதாம் நிலையில் ஒரே ஒரு பதில் காதலையும் நட்பையும் பிரிக்கும். எதைச் சொன்னாலும் பத்தாம் நிலையின் போர்ச் சக்தி ஒன்றேதான். மூன்றாம் பாகத்தின் பெண்களோடு நண்பனாகவே கதையை முடிக்க ஆண் நாயகனுக்கு 2024இல் வந்த மறு உருவாக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

‘ஸ்டார்டியூ வேலி’ கண்டிப்பான ஆர்பிஜி இல்லை, பண்ணை விளையாட்டு. ஆனால் இந்தக் கேள்விக்கு அது கொடுத்த விடை கோணலாகவும் சுவையாகவும் இருக்கிறது. மணம் செய்யத்தக்கவர்களோடு எட்டு இதயம் வரை நட்பு. பூங்கொத்து கொடுக்காமல் மேலே ஏற முடியாது. சாக்கடையில் வாழும் க்ரோபஸ் என்ற நிழல் உயிரிக்கு இந்தப் பூட்டு இல்லை, பத்து இதயமும் திறந்தே இருக்கும். 2019இல் வந்த திருத்தத்தில் க்ரோபஸை வீட்டுக்கு அழைத்து வரலாம் என்று ஆனது. அதற்கென்று தனிப் பதக்கம் உண்டு, மணப்பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ கொடுக்கும் பதக்கத்துக்கு ஈடாக. காதல் இல்லை, கூடவே குடியிருக்கும் தோழமை மட்டும். வாழ்க்கைத்துணைக்கு என்று வீட்டில் ஒதுக்கிய அறையைத்தான் க்ரோபஸுக்குக் கொடுக்கிறார்கள். க்ரோபஸ் இருக்கும்வரை வேறு யாரையும் மணக்க முடியாது.